பொது மன்னிப்பு வந்தும் ஊருக்குப் போகாதவர்

இன்று காலை அஜ்மானிலிருந்து துபாய் போகும் பஸ்ஸில், ஒரு பிரெஞ்சு நாவலாசிரியரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துக்கொண்டு வந்தேன். பெரிய கவிஞரும்கூட.

பக்கத்து சீட்டில் ராமநாதபுரத்துக்காரர், ஏசி மெக்கானிக். அட்டையிலிருந்த தாடியைப் பார்த்துவிட்டு, "யாரு சார் இந்தப் பெரியவரு?" என்றார்.

"எழுத்தாளர். ராஜாவை எதிர்த்ததால நாட்டை விட்டுப் போக வேண்டியதாப் போச்சு. கிட்டத்தட்ட இருபது வருஷம் வெளியிலேயே இருந்தார். தீவுல ஒரு வீட்டுல நின்னுக்கிட்டே எழுதுவாராம்."

"நடுவுல பொது மன்னிப்பு எதுவும் குடுக்கலையா?"

விசா முடிந்தும் இங்கே தங்கியிருந்து, அபராதமில்லாமல் ஊர் போக அரசு மன்னிப்பு தருமா என்று காத்திருந்த ஒருவருக்குத்தான் இந்தக் கேள்வி இவ்வளவு சீக்கிரம் தோன்றும்.

"குடுத்தாங்க. இவர்தான் போக மாட்டேன்னுட்டார்."

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "என்ன சார் சொல்றீங்க? இங்க மன்னிப்பு அறிவிச்சப்ப விடியுமுன்னே லைன்ல நின்னவன் நான்! ஊருக்குப் போயி, அப்புறம் ஒழுங்கா விசா எடுத்து வந்தேன்."

"அந்த ராஜா இருக்கிறவரைக்கும் வர மாட்டேன்னு பிடிவாதம். ராஜாவோட பதவி போனப்புறம்தான் திரும்பினார். ஸ்டேஷன்ல பெருங்கூட்டம் காத்துக்கிட்டு நின்னுச்சாம்."

அட்டையை இன்னொரு தரம் பார்த்தார்.

"கூட்டம் வரும்னா நானும் போகாம இங்கயே இருந்திருப்பேன் சார். ஊர்ல போயி இறங்கினப்ப எனக்கு ஏர்போர்ட்டுக்கு மச்சான் மட்டும்தான் வந்தான். என் கையில ஒரே ஒரு பை. அவன் ரொம்ப நேரம் எனக்குப் பின்னாடியே பார்த்துக்கிட்டு நின்னான், பெட்டி வரும்னு."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். இறங்கும்வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

உண்மையைச் சொல்லுங்கள், ஊர் ஏர்போர்ட்டில் உங்களைக் கூப்பிட வந்தவர் முதலில் பார்த்தது உங்களையா, பெட்டியையா?