அத்தானின் பெட்டிக்கு ஒரு பொத்தான்

என் அக்காவின் கணவரைப் பழிவாங்கியே தீர வேண்டும் என்று நான் முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், திலக் நகரில் அவர் வீட்டுத் தரையில் மல்லாந்து கிடந்தபோது. வலது கை தோள் வரைக்கும் மரத்துப் போயிருந்தது. நாக்கில் பழைய நாணயத்தைச் சப்பிய ருசி. கண்ணைத் திறந்தால் மேலே ஃபேன், அதற்குக் கீழே அத்தானின் முகம், முகத்துக்கு முன்னால் அவருடைய போன். மனிதர் என்னைத் தூக்கவில்லை. வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இன்னொரு தடவ தொடு. இது ஆடிப்போச்சு" என்றார்.

நான் தாராவியில் வயரிங் வேலை செய்கிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் அதை விடவில்லை, இன்றும் ஃபேன் மாட்ட அங்கே போய் வருகிறேன். அத்தானும் தாராவிதான். தோல் பை கடை வைத்திருக்கிறார். பத்தாவது ஃபெயில். என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவர் என்பதைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு ஞாபகப்படுத்துவார். செம்பூர் பக்கம் திலக் நகரில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோனதும் அவருக்குக் காது மட்டும் தனியாக வளர ஆரம்பித்தது. வெளிநாட்டுப் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று வந்தது. அக்கா உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் வந்தது. மலைப்பாம்பு தடிமனில் ஒரு கரண்டு ஒயர் வந்தது. அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வருகிறது, அதற்குப் பெயர் ஹம் என்று ஆரம்பித்தார். எனக்குக் கேட்கவில்லை. அக்காவுக்கும் கேட்கவில்லை. நாய்க்குக் கேட்டிருக்கலாம், ஆனால் அவர்கள் வீட்டில் நாய் இல்லை.

அந்த இரைச்சலைக் கொல்லத்தான் அவர் நெட்டில் பார்த்து ஒரு பெட்டி செய்தார். சாதாரண வீட்டுக் கரண்டில் இரண்டு கம்பி. ஒன்று பேஸ், தொட்டால் உதைக்கும். மற்றது நியூட்ரல், பெரும்பாலும் சாது. அத்தான் பெட்டிக்குள் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை உட்கார வைத்து, வருகிற கரண்டை நடுவில் பிளந்து, நடுப்புள்ளியை எர்த்தில் கட்டி, இரண்டு பக்கமும் பாதிப் பாதி வோல்ட் வெளியே வரும்படி செய்திருந்தார். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் இரைச்சல் தனக்குள்ளேயே அடித்துக்கொண்டு செத்துவிடுமாம். பேலன்ஸ்டு பவர் என்று அதற்குப் பெயர். அத்தான் அந்த வார்த்தையைச் சொல்லும்போது சர்ச் பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்துகிற மாதிரி கையை உயர்த்துவார்.

அன்றைக்கு ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸ் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டார். நான் முதலில் பெட்டியின் சாக்கெட்டில் டெஸ்டரை வைத்தேன். ஒரு துளையில் எரிந்தது. அடுத்த துளையிலும் எரிந்தது. இரண்டிலும் எரிந்தால் எங்கேயோ நியூட்ரல் அறுந்திருக்கிறது, இது எங்கள் சந்தில் கோலி விளையாடுகிற பயலுக்குக்கூடத் தெரியும்.

"அத்தான், உங்க நியூட்ரல் போயிட்டு" என்றேன்.

அவருக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு. "போகலல. இங்கன நியூட்ரலே கெடையாது! பேலன்ஸ்டு! எட்டாங்கிளாசுக்கு இதெல்லாம் மண்டைல ஏறாது." நான் டெஸ்டரை எடுத்தபோதே போன் அவர் கைக்கு வந்திருந்தது.

"சரி, பிளக்கப் புடுங்கிறட்டா?"

"புடுங்காத! பெட்டி சூடு ஆறிரும். ஆறிட்டுன்னா திரும்ப சவுண்டு கனிய ரெண்டு நாளாவும். அந்தா பாரு, ஸ்விட்ச் ஆஃப் பண்ணியாச்சு, செவப்பு லைட்டும் அணைஞ்சாச்சு."

சவுண்டு என்ன பலாப்பழமா, கனிவதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. இடது கையைப் பெட்டியின் இரும்பு மேல் ஊன்றிக்கொண்டு வலது விரலை ஆம்ப்ளிஃபயருக்குள் ஃபியூஸ் பக்கம் கொண்டுபோனேன். அதற்கப்புறம் நடந்ததை என் குடும்பமே பார்த்துவிட்டது, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.

திலக் நகரில் ஹார்பர் லைன் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்குவதற்குள் வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏறி, தூத்துக்குடி போய், வளைகுடா போய், எனக்கு முன்னாலேயே தாராவிக்கு வந்து சேர்ந்திருந்தது. முதலில் நான் 'நியூட்ரல் போயிட்டு' என்று டாக்டர் மாதிரி சொல்கிறேன். அப்புறம், பிளக்கைப் பற்றிக் கேட்டதை வெட்டிவிட்டதால், நேராக 'அய்யோ' என்று ஆட்டுக்குட்டிக் குரலில் கத்திக்கொண்டு பறக்கிறேன். கீழே அத்தான் எழுதியிருந்தார்: 'கரண்டு டான்சர்'.

மறுநாள் காலையில் சாயாக்காரன் கிளாசை நீட்டிக்கொண்டே, "க்யா ரே டான்சர், ஆஜ் நாச்சேகா க்யா?" என்றான், இன்றைக்கு ஆட்டம் உண்டா என்று. அதைப் பொறுத்துக்கொண்டேன். எங்கள் சந்தில் ஒரு அக்கா, வீடு முழுக்க வயரிங் மாற்ற என்னிடம் சொல்லி வைத்திருந்தவர், கதவைப் பாதி திறந்து, "தம்பி, நீ வேண்டாம்ப்பா. ஒனக்கே கரண்டு எங்க இருக்குன்னு தெரியல. எங்க வீட்ல பிள்ளைக இருக்கு" என்றார். அதைப் பொறுக்க முடியவில்லை. எனக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. பெயர்தான் கடை. அதன் ஷட்டரை ஒரு ஆள் சோபாவில் உட்கார்ந்தபடியே இறக்கிவிட்டார்.

வீடியோவிலிருந்து என் 'அய்யோ'வை மட்டும் வெட்டி, என் அக்கா நம்பருக்கு ரிங்டோனாக வைத்தேன். கோபம் ஆறிப்போய்விடக் கூடாது அல்லவா. பெட்டியைப் போல அதையும் சூடாகவே வைத்திருந்தேன்.

அந்த வாரம் முழுவதும் யோசித்ததில் விஷயம் பிடிபட்டது. அத்தான் பெட்டியில் போட்டிருந்தது ஒரு கம்பியை மட்டும் அறுக்கும் சாதா ஸ்விட்ச். நம் வீட்டு லைட்டுக்கு அது போதும், பேஸை அறுத்தால் மிச்சம் நியூட்ரல். ஆனால் அந்தப் பெட்டியில் இரண்டுமே பேஸ். ஒன்றை அறுத்தால் மற்றது உயிரோடு உட்கார்ந்திருக்கும். சிவப்பு லைட் மட்டும் அணைந்து பொய் சொல்லும். அப்படியென்றால் அத்தான் தொட்டாலும் அதே உதை விழும்! இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு வடாபாவ் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் திலக் நகர் போனேன். எதிரிக்கும் நல்லது செய்யச் சொல்லி சாமியார் அன்றைக்குப் பிரசங்கம் வைத்திருந்தார். நான் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆம்ப்ளிஃபயருக்கு வேறு எங்கோ கொடுத்து ஃபியூஸ் போட்டிருந்தார். பாட்டு ஓடியது. "பேசாத. இந்த எடத்துல வயலின் மூச்சு விடுது, கேளு" என்றார்.

மூச்சு முடிகிற வரைக்கும் பொறுத்திருந்து, "அத்தான், நான் தப்பாத் தொட்டேன்னு ஊரே சொல்லுது. சரியா எப்படித் தொடணும்னு நீங்க செஞ்சு காட்டுங்க. நாலு பேரு பாத்துப் படிக்கட்டும்" என்று போனைத் தூக்கினேன்.

புகழ்ச்சி என்றால் அத்தான் சுவரையே ஏறிக் குதிப்பார். ஸ்விட்சை அணைத்தார். சிவப்பு லைட்டைக் கேமராவுக்குக் காட்டினார். ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டார். எனக்குள் இரக்கம் துளிகூட வரவில்லை. வீடியோவில் தலை வெட்டுப்படாமல் விழுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்னால் இருந்து அக்கா வந்தாள். கையில் ஈரத் துணி. "மூடியத் தெறந்ததுதான் தெறந்தீங்க, நகருங்க, உள்ள தூசிய எடுத்துருதேன்" என்று சொல்லிக்கொண்டே இடது கையைப் பெட்டி மேல் ஊன்றினாள். நான் போன வாரம் ஊன்றிய அதே இடம். ஈரத் துணி உள்ளே இறங்கப் போனது.

போன் எங்கே விழுந்தது என்று தெரியாது. நான் கத்தியது தெரியும். சுவர் ஸ்விட்சைக் காலால் உதைத்து அணைத்தேன், பிளக்கையும் பிடுங்கினேன்.

"பாத்தியா ஒந்தம்பிய! தொடாமலே ஆடுதான்!" என்று அத்தான் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "எதுக்குல அப்படிக் கத்துன?"

சொன்னால் புரியாது, காட்டுவோம் என்று சமையலறை பல்பைக் கழற்றி ஹோல்டரில் போட்டு இரண்டு ஒயர் இழுத்தேன். அக்காவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பிளக்கை மறுபடி போட்டேன். பெட்டி ஸ்விட்ச் ஆஃபில்தான் இருந்தது. ஒரு ஒயரை எர்த்தில் வைத்து, இன்னொன்றை ஒரு துளையில் வைத்தேன். இருட்டு. அடுத்த துளையில் வைத்தேன். பல்ப் பாதி வெளிச்சத்தில் மஞ்சளாக எரிந்தது.

"ஸ்விட்ச் ஆஃப்ல இருக்குல்லா?" என்றாள் அக்கா.

"இருக்கு. இந்த வீட்ல ரெண்டு மாமியாருன்னு வச்சுக்கோ. ஒருத்திய மட்டும் ஊருக்கு ரயிலேத்திட்டு, அப்பாடா வீடு அமைதியாயிட்டுன்னு அத்தான் படுத்திருக்காரு."

அக்காவுக்கு மாமியார் கணக்கு உடனே புரிந்தது. அவள் முகம் மாறியது. "அப்ப இந்த ஆம்ப்ளிஃபயரத் தொடைக்கும்போதெல்லாம் கை சுர்ருன்னு இழுக்கே, அது? ஒங்ககிட்ட சொன்னேன்லா?"

"அது ஸ்டாட்டிக்" என்றார் அத்தான்.

"ஸ்டாட்டிக்கா? ஒரு நாளாவது துணி எடுத்துத் தொடைச்சிருக்கீங்களா, ஒங்களுக்கு ஸ்டாட்டிக் தெரிய?"

அத்தான் கடைசி அம்பை எடுத்தார். "வீட்டு மெயின்ல ஈ.எல்.சி.பி இருக்கு. யாருக்காவது கரண்டு அடிச்சா அது தானா விழும்."

"அது பெட்டிக்கு முன்னால நிக்கி அத்தான். பெட்டிக்குப் பின்னால நடக்கது அதுக்குத் தெரியாது. கேட்ல வாட்ச்மேன் நிக்கான்னா, வீட்டுக்குள்ள நடக்க அடிதடி அவனுக்குத் தெரியுமா? போன வாரம் நான் விழுந்தேன். அது விழுந்துச்சா?"

அக்கா குனிந்தாள். மலைப்பாம்பு ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினாள். சமையலறைக்குள் போய் அரிசி டிரம்மைத் திறந்து உள்ளே புதைத்தாள். "எந்தம்பி சரின்னு சொல்லட்டும். அன்னைக்கு எடுக்கேன்."

அந்த வாரத்தைப் போல ஒரு நல்ல வாரம் எனக்கு வந்ததில்லை. திலக் நகரில் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாமான் எல்லாம் ஊமையாக நிற்கிறது, அந்த மனிதர் போனில் பாட்டுக் கேட்கிறார் என்று அக்கா செய்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அத்தானே கூப்பிட்டார்.

"மாப்ள, சாப்ட்டியா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதர் என்னிடம் கேட்காத கேள்வி அது.

"சாப்ட்டாச்சு. வாரேன் அத்தான், செஞ்சு தாரேன். ஆனா அதே குரூப்ல, அந்த வீடியோவுக்குக் கீழ, ஒங்க வாயால சொல்லணும்."

"என்னல, ஒங்கால்ல விழணுமா?"

"வேண்டாம். ஒருத்தரு விழுந்ததே போதும்."

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் காதோடு போய்விடும். குழுவில் சொன்னால் வளைகுடா வரைக்கும் கேட்கும். அத்தான் குரலைப் பதிவு செய்து முதலில் எனக்கு அனுப்பினார். நான் கேட்டுவிட்டுப் போன் போட்டு, "அத்தான், பின்னால ஹம் வருது. இன்னொரு தடவ" என்றேன். மறுபடி அனுப்பினார். "இது கொஞ்சம் ஆடிப்போச்சு" என்றேன். மறுமுனையில் பல் நறநறக்கிற சத்தம் கேட்டது. பேலன்ஸ்டு பவரில்கூட அவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்காது.

கடைசியில் குழுவில் வந்தது இதுதான்: "எல்லாத்துக்கும் சொல்லுதேன். பிளக்கப் புடுங்கட்டான்னு மச்சினன் கேட்டான். நாந்தான் வேண்டாம்னேன். நான் செஞ்ச பெட்டி தப்பு. அவன்மேல தப்பில்ல."

அன்றைக்குச் சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த ஒற்றை ஸ்விட்சைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். இரண்டு கம்பியையும் ஒரே இழுப்பில் அறுக்கும் டபுள் போல் பிரேக்கரை வைத்தேன். அதற்குப் பின்னால், பெட்டியிலிருந்து கரண்டு வெளியே போகிற பக்கத்தில், தனியாக ஒரு ஈ.எல்.சி.பி. பிறகு ஆம்ப்ளிஃபயரின் மலைப்பாம்பு ஒயரை அக்கா அரிசியிலிருந்து எடுத்துத் தர, அதன் பிளக்கைத் திறந்து பார்த்தால் எர்த் ஒயர் வெட்டிக் கிடந்தது.

"ஹம் வந்துச்சுன்னு நாந்தான் வெட்டுனேன்" என்று முனகினார் அத்தான்.

எர்த்தைச் சேர்த்துக் கட்டி ஆன் செய்தேன். ஈ.எல்.சி.பி 'டப்' என்று விழுந்தது. மறுபடி போட்டேன். மறுபடி விழுந்தது.

"டூப்ளிகேட் சரக்கு வாங்கிட்டு வந்துட்டாம்லா" என்றார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆம்ப்ளிஃபயருக்குள் டார்ச் அடித்தேன். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் ஒரு ஒயர் இரும்பில் உரசி உரசி உறை தேய்ந்து, உள்ளே செம்பு மினுங்கியது. எர்த் வெட்டிக் கிடந்ததால் அந்தக் கசிவு போக வழியில்லாமல் மேல்தகட்டில் காத்திருந்து, துடைக்க வந்த கையைப் பிடித்திருக்கிறது. அக்கா வீட்டுக்குள் ரப்பர் செருப்பு போடுகிற வழக்கம் உள்ளவள். அதனால்தான் வெறும் 'சுர்'. டார்ச்சை அத்தான் கையில் கொடுத்தேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர நேரமானது. அந்த முகத்தை நான் வீடியோ எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அதைவிட நல்லது ஒன்று கைவசம் வைத்திருந்தேன்.

ஒயரை மாற்றிப் போட்டதும் ஈ.எல்.சி.பி விழாமல் நின்றது. பாட்டு வந்தது. அரிசி மணிகள் ஒட்டியிருந்த மலைப்பாம்பைத் தடவிக்கொண்டே அத்தான் கண்ணை மூடினார். நான் அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டேன்.

"அக்கா, இதுல ஒரு சின்ன பட்டன் இருக்கு பாரு. இது டெஸ்ட் பட்டன். வேலை செய்யுதான்னு மாசத்துக்கு ஒரு தடவயாவது அமுக்கிப் பாக்கணும். அமுக்குனா கரண்டு போயிரணும். போச்சுன்னா நீ பத்திரம்."

"மாசத்துக்கு ஒண்ணுதானா? அடிக்கடி அமுக்கலாமா?"

"ஒஞ் சௌரியம்."

அக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். வயலின் மூச்சு விடப் போகிற இடத்துக்காக அவர் விரலைத் தூக்கியிருந்தார். அக்கா அமுக்கினாள். 'டப்.'

"வேலை செய்யுதுங்க" என்றாள்.

எங்கள் சந்து அக்காவுக்கு அத்தானின் குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன், பட்டன் கதையையும் சொன்னேன். கதவு இந்த முறை முழுதாகத் திறந்தது. "அந்தப் பட்டன் எங்க வீட்லயும் வையி" என்றார், வைத்தேன். சாயாக்காரன் மட்டும் இன்னும் டான்சர் என்றுதான் கூப்பிடுகிறான், அவனுக்கும் ஒரு நாள் வரும்.

திலக் நகர் வீட்டில் இப்போது பாதுகாப்புச் சோதனை பிரமாதமாக நடக்கிறது. அத்தான் யாரையாவது மட்டமாகப் பேசினால் ஒரு சோதனை. சாப்பிட்ட தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனால் ஒரு சோதனை. "உஷ், பேசாத" என்றால் கட்டாயம் ஒரு சோதனை. அவரால் குறையும் சொல்ல முடியாது. அமுக்கிப் பார்க்கச் சொல்லி ஈ.எல்.சி.பி மேலேயே அச்சடித்திருக்கிறது. ஒவ்வொரு முறை அமுக்கியதும் அக்கா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள்.

நேற்றுகூட சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது என் பையில் இருந்து ஆட்டுக்குட்டிக் குரலில் 'அய்யோ' என்று நானே கத்தினேன்.

"டான்சர், ஃபோன் உட்டா" என்றான் சாயாக்காரன்.

"உட்டானே கா நஹீ, பாய். சுன்னே கா" என்றேன். எடுப்பதற்கில்லை அது, கேட்பதற்கு. இன்னொரு தரம் கத்தட்டும் என்று கிளாசை ஊதிக்கொண்டு நின்றேன்.