மாயா எப்ப வாறா?

எண்பத்தேழில் பார்க்டேல் உணவகமொன்றில் என்னோடு கோப்பை கழுவியவர் யூசுப், சோமாலியர். லண்டனில் நின்ற அவருடைய மனைவியின் அகதிக் கேஸுக்காக அலைந்த எம்.பி. ஒருநாள் பிரித்தானியத் தேர்தலில் இழுபறியில் நின்றார். யூசுப் அன்று பின்னேரம் முழுக்கச் சோமாலி ரேடியோவைக் காதோடு வைத்திருந்தார்.

"ஆள் வெண்டிட்டாரோ?" என்று கேட்டேன்.

"மாயா," என்றார், எங்கேயோ பார்த்தபடி.

மனைவியின் பெயராக்கும் என்று நினைத்தேன். "வடிவான பேர். கெதியா வந்திடுவா!" என்று தோளில் தட்டினேன். அவர் அடுத்த கோப்பையை எடுத்தார்.

சோமாலியில் 'மாயா' என்றால் 'இல்லை' என்று மூன்று மாதம் கழித்து இன்னொருவர் சொல்லித்தான் அறிந்தேன். அதுவரை கிழமைக்கு ஒருக்கால், "மாயா எப்ப வாறா?" என்று அவரைக் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் அவர் என்னைத் திருத்தவில்லை.