சொல்லிவிட்டுப் போனவள்

வேம்பார் உப்பளத்து வெயிலில் வளர்ந்த சீனித்தாய், கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்ததும் நூல் மில்லில் சேர்ந்தாள். நூலைக் கழியாகச் சுற்றுகிற பகுதி முழுக்கப் பெண்கள். நிழலில் நின்று செய்கிற வேலை என்பதே அவளுக்கு அதிசயமாக இருந்தது.

அங்கே ஒருத்தி உண்டானால் வாய் திறக்க மாட்டாள். தெரிந்தால் மேஸ்திரி தாணுலிங்கம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சேலையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு முடிந்தவரை ஓட்டுவார்கள். சீனித்தாயும் தலைப்பிள்ளைக்கு அப்படித்தான் செய்தாள். ஏழாம் மாதம் வேலையிடத்திலேயே மயங்கி விழுந்தாள். பிள்ளை பெற்றுத் திரும்பியபோது அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். சொல்லாமல் நின்றுபோனவளுக்கு இடமில்லை என்றார்கள். மறுபடி உள்ளே போக, ஒரு மழைக்காலம் முழுவதும் மில் வாசலில் காத்துக் கிடந்தாள்.

1946இல் மீண்டும் உண்டானாள். பக்கத்தில் வேலை செய்த ஜீவமணி நாசரேத்தில் படித்தவள். சுவரில் ஒட்டியிருந்த பேறுகாலச் சட்டத்தை வாசித்துச் சொன்னாள். முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போகிறவளை, அந்த விடுப்பைக் காரணம் காட்டி நீக்க முடியாதாம்.

“நாம மறைக்கதத்தான் சொல்லணுமாம்ளா” என்றாள் ஜீவமணி.

சீனித்தாய்க்கு நம்பிக்கை வரவில்லை. சொன்ன அன்றே அனுப்பிவிட்டால் யாரிடம் போய் நிற்பது? இருந்தும், சொல்லாமல் போய் என்ன கிடைத்தது என்றும் நினைத்துப் பார்த்தாள். மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் மேஸ்திரியிடம் சொன்னாள்.

“பிள்ள பெறதுக்கா ஏளா மில்லு கட்டிப் போட்டுருக்கு?”

“பேறு பாத்துட்டு வந்துருவேன் அண்ணாச்சி. என் எடத்துல நெரந்தரமா ஆளப் போட்டுறாதிய.”

மேஸ்திரி மானேஜரிடம் போனார். மானேஜருக்குச் சட்டம் தெரியும். திரும்பி வந்த மேஸ்திரி அவள் பேரைக் குறித்துக்கொண்டு போனார்.

ஆண் குழந்தை பிறந்தது. சீனித்தாய் தன் பழைய இடத்துக்கே திரும்பினாள்.

அந்த மாதம் அவள் நாத்தனார் பேச்சி, புதுப்பெண், வேலை கேட்டு மில்லுக்குப் போனாள். கல்யாணமான சின்ன வயசுக்காரிகளை இனி எடுப்பதில்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். “ஏன்னு ஒங்க மைனிட்ட கேளு” என்று சிரித்தாராம். பேச்சி அதை வருத்தமில்லாமல்தான் வந்து சொன்னாள். உள்ளே நிற்கிறவளுக்குத் துணை வந்த சட்டம், வாசலில் நிற்கிறவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு பேச்சிதான் குழந்தையை வைத்துக்கொண்டாள். பால் கொடுக்கும் நேரத்துக்கு மில் வாசலுக்குத் தூக்கி வருவாள். சீனித்தாய் வெளியே வந்து வாங்கிக்கொள்வாள். பேச்சியின் முகத்தைப் பார்க்க முடியாமல், குழந்தையையே பார்த்துக்கொண்டு பால் கொடுப்பாள்.