வோட்டில்லாதவர்களின் செவ்வாய்க்கிழமை

கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் பதினான்காம் மாடியில் இருந்த காலத்தில், அமெரிக்காவுக்கு வோட்டுப் போடுவது எங்கள் வீட்டில் சனிக்கிழமைகளில் நடக்கும் வேலை. என் கணவரும் எட்டாம் மாடியில் இருந்த அண்ணையும் வாரம் முழுக்க வேலை செய்த களைப்போடு சோபாவில் சரிந்துகொண்டு, தாங்கள் பிறந்த பிறகு அமெரிக்காவில் நடந்த ஒவ்வொரு சனாதிபதித் தேர்தலிலும் யாருக்கு வோட்டுப் போட்டிருப்போம் என்று சண்டை பிடிப்பார்கள். நான் குசினியில் மீன் வெட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

இவர்களுக்கு இலங்கையில் வோட்டு இருந்தும் இல்லை. போடக் கூடாது என்று இயக்கப் பக்கம் சொல்லும். நீ போடாவிட்டால் என்ன, நாங்கள் போடுகிறோம் என்று அரசாங்கப் பக்கம் பெட்டியை நிரப்பும். கனடாவிலோ அகதிக் கேஸ் முடிந்து குடியுரிமை கிடைக்கும் வரைக்கும் வோட்டில்லை. அதனால் பக்கத்து நாட்டில் போட்டுப் பார்த்தார்கள். அங்கே போட்டால் யாரும் வந்து விரலைப் பிடித்துப் பார்க்கமாட்டார்கள். ஊரில் வோட்டுப் போடுபவரின் விரலில் மை பூசுவார்கள். அது லேசில் போகாது. மை போகும் வரைக்கும் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவர்களை எனக்குத் தெரியும்.

கணவர் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். அவருடைய தகப்பன், சுட்டுக் கொல்லப்பட்ட அந்த இளம் அமெரிக்க சனாதிபதியின் படத்தைப் பத்திரிகையில் இருந்து வெட்டி, கண்ணாடி போட்டு, திருஇருதய ஆண்டவருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாராம். செபம் சொல்ல முழங்காலில் நின்றால் இரண்டு முகமும் தெரியும். அதனால் என் கணவருடைய முதல் வோட்டு, நாலு வயதில், அந்த மனுசனுக்கு. அடுத்தது அவருடைய தம்பிக்கு. அவரும் தேர்தலுக்கு முன்னமே சூடு பட்டுச் செத்துப்போனார்.

"செத்தவருக்கு எப்பிடி அண்ணை வோட்டுப் போடுவியள்?" என்று எட்டாம் மாடி அண்ணை கேட்பார். வயதில் மூத்தவர் அவர்தான். ஆனாலும் மரியாதைக்கு என் கணவரையும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்.

"எங்கட ஊரில செத்ததுகள்தானே முதல் வரிசையில நிண்டு போடுதுகள். அப்ப செத்ததுக்கு ஏன் போடக்கூடாது?" என்பார் இவர்.

அதற்குப் பிறகும் அவருடைய வோட்டு உருப்பட்டதில்லை. விமானப் படியில் சறுக்கி விழுந்தவருக்கு, ஐயோ பாவம் என்று போட்டார். அவர் தோற்றார். அவரைத் தோற்கடித்த கடலைத் தோட்டக்காரருக்கு அடுத்த முறை போட்டார். அந்த முறை அவர் தோற்றார். பிறகு நின்று தோற்ற இரண்டு பேருக்கும் இவருடைய வோட்டுத்தான். பரிதாபப்பட்டே வோட்டுப் போடும் மனுசன். பரிதாபத்துக்கு ஆள் தேடிப் பிடிப்பதில் இவரை வெல்ல ஆளில்லை. நான் ஒருநாள் சட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னேன்:

"உங்கட கை பட்டால் ஒண்டில் தோல்வி, ஒண்டில் சா. இனி ஆருக்கும் போடாதையுங்கோ."

மூன்று பேரும் சிரித்தோம். எட்டாம் மாடி அண்ணை சிரித்துவிட்டுக் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் என் தம்பி எல்லைக்கு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தான். எங்கெங்கோ சுற்றி, கடைசியில் பஃபலோவில், அகதிகளை வைத்துப் பார்க்கும் ஒரு வீட்டில் இருந்தான். எங்கள் கட்டடத்தில் இருந்து கார் எடுத்தால் இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டு மணித்தியாலத்தை எங்களால் போகவும் முடியாது, அவனால் வரவும் முடியாது. நடுவில் ஒரு ஆறும் பாலமும். கனடாக்காரர் கூப்பிடும் முறை வந்ததும் பஸ் எடுத்துப் பாலத்தடிக்குப் போய், நடந்து கடந்து, கனடாப் பக்கத்துக் குடிவரவுக் கந்தோரில் அகதி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவனுக்கு முறை வந்தது. நாளைக் குறித்து ஒரு துண்டும் கொடுத்தார்கள். நவம்பர் மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. செவ்வாய் அந்தோனியாருக்கு உரிய நாள். காணாமற்போனதைத் தேடித் தருகிறவர் அவர். நான் போனில் தம்பிக்கு அதைத்தான் முதலில் சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு இங்க எலெக்ஷன்," என்றான். "பஸ் ஓடுமோ?"

இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தேர்தலைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். எங்களுக்குத் தேர்தல் என்றால் சந்திக்குச் சந்தி ஆமி. ஊரடங்கு எப்போது போடுவார்கள் என்று தெரியாது. பஸ் ஓடாது, கடை திறக்காது, ரோட்டில் நாய்கூட நிற்காது. எங்கள் அப்பா பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒருமுறை அவரைத் தேர்தல் கடமைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சில நாள் கழித்து வெறுங்காலோடு நடந்து வந்தார். எங்கே செருப்பு என்று அம்மா கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை, பிறகு எதற்கும் பெரிதாகப் பதில் சொன்னதில்லை. தம்பி அப்போது சின்னப் பிள்ளை. அந்தக் காலைக் கழுவி விட்டது அவன்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: தேர்தல் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும், பால் வாங்கவும் போகக் கூடாது.

அந்தச் சட்டத்தைத் தம்பி ஊரில் இருந்து பஃபலோ வரைக்கும் கொண்டுவந்திருந்தான்.

கணவர் ரிசீவரை வாங்கினார். "விசரா, எலெக்ஷன் அண்டைக்கு எந்த நாட்டிலயடா பஸ் ஓடும்? அதுவும் பாலத்தடியில? பாலமெண்டால் முதல் அங்கதான் ஆமியைப் போடுவாங்கள். பேசாமல் வீட்டுக்குள்ள இரு. அடுத்த நாள் வெளிக்கிடு."

"சரி அத்தான்," என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. அவ்வளவு நிம்மதி அந்தக் குரலில்.

எட்டாம் மாடி அண்ணையும் தலையாட்டினார். மூன்று பேர் இருந்தோம், ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. அந்த வீட்டுக்காரரிடம் ஒருக்கால் விசாரித்துப் பார்க்கலாமே என்று மட்டும் நான் கேட்டேன். "விசாரிச்சால் ஏன் விசாரிக்கிறாய் எண்டு கேப்பாங்கள். பேரை எழுதி வைப்பாங்கள்," என்றார் கணவர். அதுவும் சரியாகத்தான் பட்டது. கேள்வி கேட்டு நன்மை கண்டவர்கள் எங்களில் யாரும் இல்லை.

திங்கட்கிழமை மரித்தோர் நாள். வேலை முடிந்து கோயிலுக்குப் போய் அப்பாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். பக்கத்தில் நின்ற கிழவி தன் திரியை என்னுடையதில் பற்றவைக்கப் போய் இரண்டையும் அணைத்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டாள். நான் திரும்பக் கொளுத்தினேன். வெளியே இலையெல்லாம் கொட்டி, மோர்னிங்சைட் ரோட்டு மரங்கள் மொட்டையாக நின்றன. எனக்கு மனம் சரியில்லை. காரணம் தெரியாமல் சரியில்லை.

செவ்வாய் மாலை ஆறு மணிச் செய்திக்கு எட்டாம் மாடி அண்ணை வந்துவிட்டார். அந்த முறை மூன்று பேர் போட்டியிட்டார்கள்: யுத்தத்தில் வென்று பதவியில் இருந்த சனாதிபதி, பெரிய காதும் சிறிய உடம்புமாக ஒரு கோடீஸ்வரர், தெற்கில் இருந்து வந்த இளம் ஆளுநர். அண்ணைக்குக் கோடீஸ்வரர். என் கணவருக்கு ஆளுநர். அந்த ஆளுநர் பிறக்கும் முன்னமே தகப்பன் செத்துப்போனாராம். கணவருக்கு அது போதும்.

தொலைக்காட்சியில் வோட்டுப் போடும் இடங்களைக் காட்டினார்கள். ஒரு பள்ளிக்கூட வாசல். ஒரு பெண் கையில் கோப்பியோடும் காலடியில் நாயோடும் நின்று, தான் யாருக்குப் போட்டேன் என்று மைக்கில் சத்தமாகச் சொன்னாள். நான் அவளுடைய விரலைப் பார்த்தேன். மை இல்லை. பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தேன். ரோட்டில் ஒரு பஸ் போனது. நிறைய ஆட்களோடு, விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு, சாதாரணமாகப் போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

ஆமி எங்கே என்று படம் முழுக்கத் தேடினேன். நாய்தான் நின்றது.

கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் பஸ்ஸைத்தான் பார்த்திருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. எழும்பிப் போய், தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். தம்பிக்குப் போன் எடுத்தோம். அந்த வீட்டுப் போன் ஓயாமல் என்கேஜ்ட். கிடைத்திருந்தாலும் என்ன செய்வது? கந்தோர் பூட்டியிருக்கும்.

அன்றிரவு இவருடைய ஆள் வென்றார். வாழ்க்கையில் முதற்தடவையாக என் கணவருடைய வோட்டு வென்றது. எட்டாம் மாடி அண்ணை கைதட்டி, "அண்ணை, உங்கட கைராசி மாறீட்டுது!" என்றார். இவர் சிரிக்கப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் வந்தது பயம்தான், வேறொன்றும் இல்லை. இந்தக் கையில் இருந்த சனியன் சும்மா போகாது, இந்த முறை அது வேறு யாரிலோ இறங்கிவிட்டது என்று நினைத்தேன். நினைத்ததற்காக என்னையே ஏசிக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் தம்பி வெளிக்கிட்டான். பஸ் நிலையத்தில் அமெரிக்க இமிக்கிரேஷன்காரர் நின்றார்களாம். அவனிடம் இருந்த துண்டைக் காட்டியிருக்கிறான். இது நேற்றைக்கு உரியது, நேற்று ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அவன் உள்ளதைச் சொன்னான்: நேற்றுத் தேர்தல், அதனால் வீட்டுக்குள் இருந்தேன். அவர்களுக்கு அது விளங்கவில்லை. எப்படி விளங்கும்? ஏதோ கள்ளக் கதை என்று நினைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். மத்தியானம் அந்த வீட்டில் இருந்து போன் வந்தது. நான் தொழிற்சாலைக்குப் போகும் உடுப்போடு நின்று கேட்டேன்.

பனிக்காலம் முழுக்க அவன் அங்கே மறியலில், கம்பிக்குப் பின்னால் இருந்தான். வக்கீல், மனு, இன்னொரு வக்கீல். ஒன்றும் நடக்கவில்லை. பனி கரையும் காலத்தில் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு லொட்ஜில் அறை எடுத்து இருந்தான். எனக்கு இரண்டு தடவை போன் எடுத்துக் கதைத்தான். இரண்டாம் தடவை, "பயப்படாதை அக்கா, திரும்ப வருவன். இந்த முறை எலெக்ஷன் இல்லாத மாதமாப் பாத்து வாறன்," என்று பகிடி விட்டான். மே மாதத் தொடக்கத்தில் இலங்கைச் சனாதிபதி குண்டு வெடித்துச் செத்தார். லொட்ஜுகளைச் சுற்றிவளைத்தார்கள். அவனோடு பிடிபட்டவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. நான் எழுதாத இடம் இல்லை. அந்தோனியாருக்கும் நேர்த்தி வைத்தேன்.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அமெரிக்காவுக்கு யாரும் வோட்டுப் போடவில்லை. தொண்ணூற்றாறில், அந்த ஆளுநர் மறுபடி நின்ற முறை, எட்டாம் மாடி அண்ணை பழக்கதோசத்தில், "இந்த முறை ஆருக்கு அண்ணை?" என்று கேட்டுவிட்டார். கணவர் பத்திரிகையை மடித்தார்.

"எனக்கு வோட்டில்லை," என்றார்.

"எங்களுக்கு எப்பவும் இல்லைத்தானே..."

"எனக்கு இல்லை," என்று மறுபடி சொன்னார். அண்ணை தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். பிறகு அண்ணை வீட்டார் மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் ஒருநாளும் அவரைக் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஒரே வீட்டில், ஒரே மேசையில், அந்தப் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நாலரை வருடம் சாப்பிட்டோம்.

அடுத்த வருடம் எங்கள் இரண்டு பேருக்கும் கனடாக் குடியுரிமை கிடைத்தது. கொஞ்ச நாளில் இங்கே பாராளுமன்றத் தேர்தல் வந்தது. வோட்டுப் போடும் அட்டை இரண்டு, இரண்டு பெயருக்கும் வந்தது. உண்மையான வோட்டு. எங்கள் வாழ்க்கையில் முதல் வோட்டு. கணவர் தன் அட்டையைப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். அன்று அவர் வேலைக்கும் போகவில்லை. காலையில் இருந்து ஜன்னலடியில் நின்றார். நான் செருப்பைப் போட்டபோது, "போகத்தான் வேணுமோ?" என்றார்.

"போட்டுட்டு வாறன்," என்றேன்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டிருந்தார்கள். ஒரு கிழவர் என் பெயரைத் தப்பாக வாசித்து, தப்பென்று தானே கண்டுபிடித்துச் சிரித்தார். பென்சிலால் ஒரு புள்ளடி போட்டேன். வெளியே வந்து என்னை அறியாமல் கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். விரல் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவர் அதே ஜன்னலடியில்தான் நின்றார். யாருக்குப் போட்டாய், எந்தக் கட்சிக்கு, சனம் நின்றதோ, ஒன்றும் கேட்கவில்லை. பதினான்காம் மாடியில் இருந்து பார்த்தால் ரோட்டு முழுக்கத் தெரியும். காலையில் இருந்து அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆனாலும் என் பக்கம் திரும்பி, பார்த்த ஒருவரின் வாயால் கேட்க வேண்டும் என்பது போல, அதைக் கேட்டார்.

"பஸ் ஓடினதோ?"

"ஓம்," என்றேன். "ஓடினது."