அண்ணி எடுத்த விடுப்பு

சம்பளத்தோடு வீட்டில் இரு என்று சொன்னால் கலங்கிப்போகிற ஆளை அந்த மின்கட்டண அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை. சுற்றறிக்கையை வாசித்து முடித்தபோது கேஷியரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

ரொக்கம் கையாளுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தொடர்ந்து இரண்டு வாரம் ஈட்டிய விடுப்பில் போயே ஆகவேண்டும், அந்த நாட்களில் அலுவலகப் பக்கமே வரக்கூடாது என்பது புது விதி. வேறொரு கிளையில் ஒருவர் லீவே போடாமல் உழைத்து நல்ல பெயர் எடுத்திருந்தார். டைபாய்டு வந்து அவர் படுத்த வாரத்தில்தான், அத்தனை வருடமும் பெட்டியில் கை வைத்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது. அதிலிருந்து, லீவு போடாத ஊழியர் என்றாலே மேலிடத்துக்குச் சந்தேகம்.

கேஷியரம்மாவுக்கு அலுவலகத்தில் ‘பூட்டு’ என்று ஒரு பெயர் உண்டு. காலையில் கதவில் தொங்குவதும் அவள்தான், சாயங்காலம் கடைசியில் தொங்குவதும் அவள்தான் என்று பெரிய கிளார்க் வைத்தது. அவளுடைய தற்செயல் விடுப்பு வருடக் கடைசியில் காலாவதியாகும். ஈட்டிய விடுப்பு உச்சவரம்பை எப்போதோ தொட்டுவிட்டது. அதற்குமேல் சேர்வதெல்லாம் நிரம்பிய தொட்டியில் விழும் தண்ணீர் மாதிரி வழிந்துபோய்க்கொண்டிருந்தது.

மேனேஜரிடம் போய் தனக்கு வேண்டாம், அவசரத் தேவை உள்ள வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:

“இது தூக்கிக் குடுக்கிற சமாச்சாரம் இல்லம்மா. அதோட, வேணாம் வேணாம்னு நீங்க சொல்றதுதான் எனக்கு இப்ப பயமா இருக்கு.”

 அவள் பெட்டியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

பெட்டியில் ஒரு குறையும் கிடையாது. குறை வீட்டில் இருந்தது.

அவள் கணவனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய், ‘க்கா’ என்ற ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியிருந்தது. அது அவனுடைய அக்காவைக் கூப்பிடுகிற சத்தம். அவன் விழுந்த வாரம், ஒரு மாதம் கூடமாட இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒற்றைப் பையோடு வந்தவள் அந்த அக்கா, கேஷியரம்மாவுக்கு அண்ணி. கல்யாணமாகாதவள், தையல் வேலை பார்த்துத் தனியாக இருந்தவள். அந்த மாதம் முடியவே இல்லை. இடையில் தையல் மிஷினை விற்றாள், குடியிருந்த அறையைக் காலி செய்தாள். பை பரண்மேல் ஏறியது.

அவனைத் திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது, அவன் எறிகிற டம்ளரைப் பொறுக்குவது எல்லாம் அண்ணி. ஞாயிற்றுக்கிழமைகளில் கேஷியரம்மா துணி துவைப்பாள், மார்க்கெட்டுக்குப் போவாள், ரேஷன், பல்பு, மருந்து என்று வெளியே ஏதாவது ஒரு வேலை அவளுக்கு அகப்பட்டுவிடும். மற்ற நாட்களில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். கண்ணாடியில் ஒரு துளை, அதன் வழியாக ஒரு கை வரும், போகும், அடுத்த கை வரும். அங்கே யாரையும் அவள் திருப்பிப் படுக்கவைக்க வேண்டியதில்லை. அதுதான் அவளுக்கு ஓய்வு. இதை அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

விடுப்பின் முதல் நாள் காலை அவள் குளித்து, புடவை கட்டி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வழக்கமான நேரத்துக்குக் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் மட்டும் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினாள். பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் கூடத்தில் வரிசையாக பெஞ்சுகள் உண்டு. ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பெண், “உங்களுக்கு என்ன நம்பர்?” என்றாள். இன்னும் வரவில்லை என்றாள் கேஷியரம்மா.

மறுநாளும் அப்படியே போனது. அதற்கடுத்த நாள் இரும்பு அலமாரியின் மாற்றுச்சாவி எங்கே என்று கேட்க பெரிய கிளார்க் வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது அண்ணி. அவள் ஆபீசில்தானே இருக்கிறாள் என்று அண்ணி சொல்ல, என்னம்மா இப்படிச் சொல்றீங்க, அவங்க லீவுலதானே இருக்காங்க என்று அவர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் கேஷியரம்மா செருப்பைக் கழற்றும்போது அண்ணி தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“லீவாமே.”

கேஷியரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சம்பளத்தோடயா?”

“ஆமா அண்ணி.”

“எத்தன நாளைக்கு?”

“ரெண்டு வாரம். இன்னும் பாதிக்கு மேல இருக்கு.”

அண்ணி கடைசிக் கவளத்தை ஊட்டி, அவன் வாயைத் துடைத்து, தட்டைக் கழுவி வைத்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, தானே ஏறி, பரணிலிருந்து பையை இறக்கினாள். தூசியைத் தட்டிவிட்டுச் சொன்னாள்:

“அப்ப மிச்ச லீவ எனக்குக் குடு. நான் எடுத்துக்கறேன்.”

விடிந்ததும் போய்விட்டாள். வாசலில் வைத்து, மாத்திரை எல்லாம் டப்பாவில் இருக்கிறது, வலது பக்கம் ரொம்ப நேரம் போடாதே என்றாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று கேஷியரம்மாவுக்குத் தோன்றியது. திரும்பி வருவீர்களா என்று கேட்கப் பயமாக இருந்தது.

கணவன் அவள் கையால் சாப்பிட மறுத்தான். குழைய வடித்த சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வாசலையே பார்த்தான். ‘க்கா’ என்றான். காலையில் மெதுவாக, மதியம் கோபமாக, சாயங்காலம் குழந்தை மாதிரி. ஒற்றை ஆளாக அவனைத் திருப்புவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. இடுப்பைப் பிடித்தால் தோள் சரிந்தது. ஒருமுறை இருவரும் கட்டிலின் ஓரத்தில் சாய்ந்து கிடந்தார்கள், அவன் நல்ல கையால் அவள் முகத்தில் ஒன்று வைத்தான். அவள் அழவில்லை. அண்ணி எத்தனை அடி வாங்கியிருப்பாள் என்று யோசித்தாள். முதுகில் ஓரிடம் படுக்கைப்புண் வைக்கிற மாதிரி சிவந்திருந்தது.  அண்ணி வராமலே போய்விட்டால் தன் லீவு முழுக்கத் தீர்ந்தபிறகு என்ன என்று கணக்குப் போட ஆரம்பித்து, நடுவில் நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள்ளேயே ஒரு மத்தியானம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணி பையை வாசலோரமாகச் சாய்த்துவிட்டு நேரே கட்டிலுக்குப் போனாள். அவன் ‘க்கா’ என்று கேவினான். சிவந்த இடத்தைப் பார்த்துவிட்டு அண்ணி பவுடரை எடுத்தாள்.

பேச்சு பிறகு சமையலறையில்தான் வந்தது. முதலில் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போனாளாம். வாங்க அண்ணி வாங்க என்று அவன் பெண்டாட்டி ஒரே உபசாரமாம். ரெண்டாம் நாள், தம்பியை யார் பார்த்துக்கறாங்க என்று ஆரம்பித்தார்களாம். அங்கிருந்து பழைய சிநேகிதி வீட்டுக்குப் போனால், அவள் மகள் பிரசவத்துக்கு வந்து இடமே இல்லையாம். பழைய அறை இருந்த இடத்தையும் போய்ப் பார்த்தாளாம். இப்போது அது செல்போன் கடையாம்.

கேஷியரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “எனக்கு லீவு நெறைய கெடக்கு அண்ணி. மாசத்துக்கு ஒரு தடவ போடறேன். நீங்க எங்கயாவது போய்ட்டு வாங்க.”

“எங்க?” என்றாள் அண்ணி.

 பிறகு வாசலோரமாகச் சாய்ந்திருந்த பையைக் காட்டினாள்.

“அந்தப் பை வழியில கெடக்கு, கால்ல இடறும். மேல வச்சிடு. எனக்கு முட்டி வலிக்குது.”

கேஷியரம்மா ஸ்டூலில் ஏறி வைத்தாள். பையில் கனமே இல்லை.

மறுநாள் காலை விடுப்பு இன்னும் மிச்சம் இருந்தது. கேஷியரம்மா எழுந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே அண்ணி அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் நடந்தபடி இருந்தாள். இரண்டு தடவை இருவரும் இடித்துக்கொண்டார்கள். மூன்றாவது தடவை அண்ணி டிபன் பாக்ஸை எடுத்து, சோற்றை அடைத்து, மூடியை அழுத்தி அவள் கையில் கொடுத்தாள்.

“போ. அந்த மூணு நாளும் எங்க போய் ஒக்காந்தியோ அங்கயே போய் ஒக்காரு. ரெண்டு பேரும் இங்கயே கெடந்து என்ன பண்ணப்போறோம்.”

கேஷியரம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். அறையிலிருந்து ‘க்கா’ என்று சத்தம் வந்தது, அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். கேஷியரம்மா டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்து, செருப்பை மாட்டி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் காலியாக இருந்தது.