பாலூற்றிய எலிவளை

யுத்தத்தால் பர்மா அரிசி வராமல் எல்லாரும் கிழங்கு தின்ற காலம். அந்த வருஷம்தான் மூத்த மகளைச் செங்கோட்டையில் கட்டிக்கொடுத்தேன். கல்யாணப் பந்தியில் சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டே, "தலைப்பொங்கலுக்குச் சிறுகிழங்கு சந்தையில வாங்கித்தான் அனுப்புவியளோ?" என்றாள்.

"எங்க தோட்டத்துல கெடக்கையில சந்தைக்கு என்னத்துக்குப் போகணும்?" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

மேலகரத்துத் தோட்டத்தில் செடி என்னவோ தளதளவென்றுதான் நின்றது. கார்த்திகையில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், கிழங்கெல்லாம் எலி கொறித்துக் கிடக்கிறது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் மண்ணுக்குள் பல் ஓடுவது காதில் கேட்கும். பாதிச் சோற்றில் எழுந்து தோட்டத்துக்குப் போவேன்.

வேலிக்குள் ஒரு சாரைப்பாம்பு இருந்தது. அது எலி பிடிக்கும் என்றுதான் என் வீட்டுக்காரரை வேலி வெட்ட விடவில்லை. அது வரப்பிலிருந்த எலிவளைக்குள் நுழைந்ததைப் பக்கத்துத் தோட்டக்காரி பார்த்துவிட்டாள்.

"மதினி, நாகம்மா வந்திருக்கா!"

"அது சாரைட்டி. எலி திங்க வந்திருக்கு."

"படம் எடுத்ததை இந்தக் கண்ணால பாத்தேன். கனவுலயும் வந்தா."

அடுத்த வெள்ளிக்கிழமை தெருப் பெண்கள் பாலும் முட்டையும் தேங்காய் முறியுமாக வந்து குலவை போட்டார்கள். அந்தச் சந்தடியில் சாரை எங்கோ ஒதுங்கிவிட்டது. எலிகளுக்குக் கிழங்கோடு தேங்காயும் கிடைத்தது.

பொறுக்காமல் வளைவாயில் எலி பிடிக்கும் மூங்கில் கிட்டியைச் சுருக்கோடு வளைத்து ஊன்றினேன். பிடுங்கி எறிந்தாள் பக்கத்துத் தோட்டக்காரி.

"அம்மா கழுத்துல சுருக்குப் போடுதீயளே, வெளங்குமா?"

வீட்டுக்காரரைப் பார்த்தேன். "பொம்பளைய காரியம்" என்று வெற்றிலையை மடித்தார்.

அவள் சொன்னதிலும் ஒன்று சரி. சுருக்குக்கு எலியும் சாரையும் ஒன்றுதானே. ஆகவே மரப்பெட்டிப் பொறி வாங்கி, அம்மாளுக்கு வைத்த தேங்காயையே சுட்டு உள்ளே கட்டினேன். விடிந்தால் பெட்டி கடகடவென்று ஆடும். ஆனால் பெட்டிக்கு ஒரு எலிதானே விழும்? சாரை திரும்பினால்தான் தீரும்.

மார்கழியும் பிறந்துவிட்டது. நானும் ஒரு கனவு கண்டேன்.

"ஏட்டி, ஒங்க நாகம்மா எங்கிட்டயும் வந்தா. 'இங்கன ஒரே ஆள் சத்தம், வாய்க்கால்கரை வேப்பமூட்டுல வைங்க'ன்னு சொல்லுதா."

"உங்க கனவுலயா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன், ஒன் கனவுக்கு மட்டுந்தான் வழி தெரியுமோ?"

அடுத்த வெள்ளி கூட்டம் வேப்பமரத்துக்குப் போனது. சில நாளில் வேலியோரம் சாரையின் புதுச் சட்டை உரிந்து கிடந்தது. எலிச் சத்தம் அடங்கியது. என் நெஞ்சு அடங்கவில்லை. கடைசிச் செடி பிடுங்கும்வரை தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்தபடியே இருந்தேன்.

பல் படாத கிழங்காகப் பொறுக்கி எடுத்ததில் ஓலைப்பெட்டி ஒன்று நிறைந்து, பொங்கல்படிச் சீரோடு செங்கோட்டைக்குப் போனது. "கிழங்குன்னா இது கிழங்கு" என்று சம்பந்தியம்மாள் நாலு வீட்டுக்குக் காட்டினாளாம்.

பொங்கலன்று எங்கள் வீட்டில் வெந்தது தென்காசிச் சந்தைக் கிழங்கு. அது செங்கோட்டைக்குத் தெரிய வேண்டிய சங்கதி இல்லை.