மாடி அறைக்கு நான் எழுதிய ரசீதுகள்

என் அக்காவின் வீடு சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. கீழே கூடமும் சமையலறையும், மேலே தெருவைப் பார்த்த ஓர் அறை. அந்த மாடி அறையில் அத்தானின் நண்பர் இருந்தார். இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே பஸ் பணிமனையில் வேலை பார்த்தவர்கள். அத்தான் இறந்து காரியம் முடிந்ததும் அவர் அறையைக் காலி செய்கிறேன் என்றார். “நீங்களும் போயிட்டா இந்தப் புள்ளைக்கு யாருண்ணே இருக்கா?” என்று அக்கா தன் மகளைக் காட்டிக் கேட்டாள். இருந்துவிட்டார். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது.

வாடகை என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காச் சந்தையிலிருந்து மீனும் காய்கறியும் வாங்கி வருவார். மழைக்காலத்துக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றுவார். அக்காவின் மகளை சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். அவள் அவரை ‘மாடி மாமா’ என்றாள். கூடப் பிறந்த மாமனான என்னை ‘ஆபீஸ் மாமா’ என்றாள். பள்ளியில் பரிசு வாங்கினால் முதலில் மாடிக்குத்தான் ஓடுவாள். நான் கூடத்தில் உட்கார்ந்து காத்திருப்பேன். இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது.

ஒரு வருடம் வீட்டு வரிக்கான மதிப்பை உயர்த்திக் கடிதம் வந்தது. அக்கா ரவிக்கை தைத்தும் நான் மாதாமாதம் கொடுத்ததிலும் பிழைத்தவள். அந்த வரியைக் கட்டுவதென்றால் வீட்டை விற்க வேண்டியதுதான். நான் அவளுக்கு விளக்கினேன். வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்று கணிப்பார்கள், அதுதான் ஆண்டு மதிப்பு, அதில் ஒரு பங்கு வரி.

“நான் யாருக்குடா வாடகைக்கு விட்டேன்?”

“விடலைன்னாலும் அப்படித்தாங்கா கணக்கு.”

“நல்ல கணக்கு! என் வீட்டுல நான் படுக்கறதுக்கு எனக்கே வாடகையா?”

குறிப்பிட்ட நாளுக்குள் மறுப்பு எழுதலாம். எழுத நியாயமான காரணங்களும் இருந்தன. கனத்த மழை பெய்தால் சாக்கடை நீர் கூடம்வரை வரும். சமையலறைச் சுவர் விரிசல் விட்டிருந்தது. அதே அளவுள்ள பக்கத்து வீட்டுக்குக் குறைவான மதிப்பே போட்டிருந்தார்கள். இவை போதும் என்று எனக்கு அப்போதே தெரியும். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு இது தெரியாதா?

ஆனால் நான் வேறு வழி பிடித்தேன். பழைய வீடுகளில் குடியிருப்பவரின் வாடகையை இஷ்டப்படி உயர்த்தக்கூடாது, அவரைக் காலி செய்யவும் வைக்கக்கூடாது என்று அப்போது சட்டம் இருந்தது. மாடியில் ஒருவர் பழைய, குறைந்த வாடகைக்கு இருக்கிறார் என்று காட்டினால் மதிப்பு கண்டிப்பாகக் குறையும் என்று அக்காவிடம் சொன்னேன். ரசீதுப் புத்தகம் வாங்கி, கடந்துபோன மாதங்களுக்கெல்லாம் நானே எழுதினேன். அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டாள். வரிக்காக மட்டும் நான் அதைச் செய்யவில்லை. அவர் அந்த வீட்டுக்கு யார், நான் யார் என்பது ஒரு காகிதத்தில் பதிவாக வேண்டும் என்று விரும்பினேன்.

ரசீதுகளை அவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

“இதைக் காட்டினா வீடு தங்குமா, தம்பி?”

“தங்கும்ணே.”

“அப்பச் சரி.”

பக்கத்து வீட்டம்மாவுக்கு விஷயம் எட்டியது. “ரசீதா குடுத்தே? போச்சு லா! இனி நீ பேரன் எடுத்தாலும் அந்த மனுஷனைக் கிளப்ப முடியாது” என்றாள். “எதுக்குக் கிளப்பணும்?” என்று அக்கா சிரித்தாள்.

விசாரணைக்கு மூவரும் போனோம். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

“இந்தம்மா உங்களுக்கு என்ன உறவு?”

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. “உறவு ஒண்ணும் இல்லீங்க. வாடகைக்கு இருக்கேன்.”

அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மதிப்பைக் குறைத்தார்கள். வெளியே வந்து காப்பி வாங்கிக் கொடுத்தேன். வழியெல்லாம் நான் மட்டும்தான் பேசினேன்.

அடுத்த மாதம் முதல் தேதி அவர் வாடகையை அக்காவிடம் நீட்டினார். “அதான் வேலை முடிஞ்சிருச்சே, எடுத்துட்டுப் போங்கண்ணே” என்றாள். அவர் கேட்கவில்லை, சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். மறு மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் அவள் அழுதுகொண்டே எல்லாப் பணத்தையும் அவர் கையில் திணித்தாள். அந்த ஞாயிறு அவர் வழக்கம்போல் தேக்காவுக்குப் போய் வந்தார். பையை வைத்தார். “மீனைக் கழுவி வச்சிடும்மா, வெயிலுக்குக் கெட்டுடும்” என்றார். மாடிக்குப் போய்ப் பெட்டியுடன் இறங்கி வந்தார்.

“வாடகைக்காரர்னு அவர் வாயாலயே சொல்ல வச்சோம்ல, மனசு விட்டுப் போச்சு” என்றாள் அக்கா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா மகள் சில மாதங்கள் என்னுடன் பேசவில்லை. அக்கா மாடி அறையை வேறு யாருக்கும் விடவில்லை. தினமும் பெருக்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாசலில் நின்று பஸ் வரும் திசையைப் பார்ப்பாள். நானும் பார்த்தேன். அந்த வீட்டில் அவர் பேச்சுக் குரல் கேட்காமல் எனக்கும் சோறு இறங்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

அறுபதுகளின் கடைசியில் அவர் தோ பாயோ அடுக்குமாடி ஒன்றில் ஓரறை வீட்டில் இருப்பதாகத் தெரிந்து, போய்ப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. பாய் விரித்து உட்காரச் சொன்னார். அக்கா கூப்பிடுகிறாள், வந்துவிடுங்கள் என்றேன்.

“வந்து எப்படி இருக்கறது தம்பி? தங்கச்சி வாடகை வாங்க மாட்டா. சும்மா இருந்தா, நான் வரி ஆபீஸ்ல சொன்னது பொய். இன்னொரு தடவை ஆள் வந்து விசாரிச்சா, ரசீதெல்லாம் யாரு எழுதினதுன்னு பார்ப்பாங்க. உங்க வேலை போயிரும். அக்கா, புள்ள, உங்க குடும்பம், எல்லாம் உங்க சம்பளத்தை நம்பித்தானே இருக்கு?”

“அதுக்காகவா போனீங்க?”

“பின்னே என்ன, கோவிச்சுக்கிட்டா போனேன்?” என்று சிரித்தார். “தங்கச்சிகிட்ட சொல்லுங்க.”

நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் அன்றே வரி அலுவலகத்துக்கு நடந்து போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அவரைக் கையோடு அழைத்து வந்திருப்பாள். என் வேலை எனக்குப் பெரிதாக இருந்தது. அவர் முதலில் இறந்தார், சில ஆண்டுகளில் அக்காவும் இறந்தாள். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே கடைசிவரை அவள் நம்பியிருந்தாள்.